சொம்பு வரையத் தெரிந்தால் சீட் கிடைக்குமா?
டிசைன் பட்டப்படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

நான்காண்டு பி.டெஸ். படிப்பு பற்றி வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் 'என்ஐடி' என்றால் பலருக்குத் திருச்சியில் உள்ள பொறியியல் நிறுவனம்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கங்களில் அந்தப் பெயர் 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைக் குறிக்கும்.

கேள்வி: மகள் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறாள், கணிதம் கிடையாது. ஐஐடியிலேயே டிசைன் படிக்கலாம் என்கிறார்களே, ஜேஇஇ எழுதாமல் முடியுமா? ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதுமா?
– ஒரு தாய், கரூர்

முடியும். ஐஐடிகளின் பி.டெஸ். படிப்புக்கு 'யூசீட்' என்று தனி நுழைவுத் தேர்வு உண்டு. மும்பை ஐஐடி நடத்துகிறது. அறிவியல், வணிகவியல், கலை என எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். மும்பை, டெல்லி, குவஹாத்தி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளும், ஜபல்பூரில் உள்ள மத்திய அரசின் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐஐடிடிஎம்-உம் இதன் ரேங்க்கை வைத்து இடம் தருகின்றன. சேர்க்கை விண்ணப்பத்தில் நிறுவன விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது, ஒவ்வொன்றுக்கும் உள்ள பாட நிபந்தனையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்), என்ஐடி இரண்டின் பி.டெஸ். படிப்புக்கும் பிளஸ் டூவில் இன்ன பிரிவுதான் என்ற கட்டாயம் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் ஓராண்டு வீணாகும். யூசீட் தேர்வும், நிஃப்ட், என்ஐடி இரண்டின் முதற்கட்டத் தேர்வுகளும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிந்துவிடுகின்றன. யூசீட் விண்ணப்பம் அக்டோபர் வாக்கில் திறக்கும், தேர்வு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஆகவே பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே சாதிச் சான்றிதழ், புகைப்படம், கையெழுத்து ஸ்கேன் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு 'நான் கிரீமி லேயர்' (வசதி படைத்த பிரிவினர் அல்லர்) என்ற குறிப்புள்ள ஓபிசி சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். யூசீட் ரேங்க் வந்துவிட்டால் இடம் தானாக வந்துசேராது. முடிவு வெளியான பிறகு, அதே இணையதளத்தில் பி.டெஸ். சேர்க்கைக்கு என்று தனியாக விண்ணப்பித்து, கட்டணமும் கட்ட வேண்டும். அந்தச் சமயம் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும். பிள்ளை படிப்பில் மூழ்கியிருப்பாள் என்பதால் அந்தத் தேதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. யூசீட் தேர்வை இரண்டு முறைதான் எழுத முடியும், அதுவும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில். 'சும்மா ஒருதரம் எழுதிப் பார்க்கட்டுமே' என்று அனுப்பினால் அதுவும் ஒரு முறையாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறேன். வினாத்தாள் தமிழில் உண்டா? படம் நன்றாக வரைவேன்.
– பிளஸ் ஒன் மாணவர், விழுப்புரம்

இல்லை, தம்பி. யூசீட் ஆங்கிலத்தில் மட்டும். என்ஐடி, நிஃப்ட் இரண்டும் ஆங்கிலம், இந்தி. ஆனால் இந்தத் தேர்வுகளில் வரும் ஆங்கிலத்தில் பெரும்பகுதி சின்ன வட்டத்துக்குள் அடங்குவது. மேலிருந்து பார்த்தால், பக்கவாட்டில் பார்த்தால், பிரித்து விரித்தால், கண்ணாடியில் தெரிந்தால், கடிகார முள் திசையில் சுழற்றினால், அடுத்து வரும் உருவம் எது, எத்தனை முகங்கள் என்று ஏறத்தாழ இருநூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பழைய யூசீட் வினாத்தாள்கள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து ஆண்டுத் தாள்களை எடுத்து, புரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் பொருளுக்குப் பதிலாகச் சின்னப் படம் போட்டு வை. உனக்குப் படம் வரும் என்பதால் இது மனப்பாடத்தை விட வேகமாக ஏறும். நிஃப்ட்டின் பொதுத்திறன் தாளில் மட்டும் ஆங்கிலப் பத்தி வாசிப்பும் இலக்கணமும் உண்டு. அதற்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேருபவர்களின் கல்விச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தது. உன் தலைமை ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவை.

கேள்வி: யூசீட்டில் தெரியாத கேள்விக்கு யூகித்து விடை போடலாமா? நெகட்டிவ் மார்க் பயமாக இருக்கிறது.
– மாணவி, நாகர்கோவில்

அண்மைய ஆண்டுகளின் அமைப்பை வைத்துச் சொல்கிறோம். தாளின் முதல் பகுதி கணினியில், 2 மணி நேரம், 57 கேள்விகள், 200 மதிப்பெண். இரண்டாம் பகுதி கையால் வரைவது, 1 மணி நேரம், 100 மதிப்பெண்.

முதல் பகுதியில் மூன்று வகைக் கேள்விகள். எண்ணை விடையாகத் தட்டச்சு செய்யும் 14 கேள்விகளுக்குத் தலா 4 மதிப்பெண், கழிவு கிடையாது. இவற்றில் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கக்கூடிய 15 கேள்விகளுக்கும் தலா 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும். சரியான விடைகள் மூன்று இருக்கும்போது, உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் குறித்தால் 2 மதிப்பெண் கிடைக்கும். கூடவே தவறான ஒன்றையும் குறித்தால் மொத்தமும் போய், மேலும் 1 கழியும். சந்தேகமுள்ள விடையைத் தொடாமல் விடுவதே இங்கு லாபம்.

ஒரே விடை உள்ள 28 கேள்விகளுக்குத் தலா 3 மதிப்பெண், தவறினால் 0.71 கழியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக 0.22 கூடத்தான் செய்கிறது. ஒரு விடை நிச்சயம் தவறு என்று நீக்க முடிந்தால் அது 0.53 ஆகிறது. ஆக, பயம் தேவையில்லை. நேரம்தான் எதிரி, ஒரு கேள்விக்கு 2 நிமிடம்தான் வரும். கனசதுரங்களை எண்ணும் கேள்வியில் 6 நிமிடம் உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். மதிப்பெண் விவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால் உங்கள் ஆண்டின் தகவல் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியில் கட்-ஆஃப் தாண்டியவர்களின் வரைதல் தாளை மட்டுமே திருத்துவார்கள். 'நான் ஆர்ட்டிஸ்ட், படத்தில் பிடித்துவிடுவேன்' என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: தினமும் படம் வரைகிறேன். நடிகர்கள் முகம் அப்படியே வரும். ஆனால் மாதிரித் தேர்வில் 'பஸ் ஸ்டாண்ட் காட்சி' வரையச் சொன்னால் சொதப்புகிறது. எதைப் பயிற்சி செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

போட்டோவைப் பார்த்து வரையும்போது முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா முன்பே முடித்துவிட்டது. தேர்வில் அந்த வேலை உங்கள் தலைக்கு வருகிறது. முக ஓவியத்தை மூன்று மாதம் ஓரங்கட்டுங்கள்.

சமையலறையிலிருந்து தொடங்கலாம். ஒரு டம்ளரை மேசையில் வைத்து வரையுங்கள். வாய் நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பகுதியை நேர்கோடாக இழுத்துவிடுவது பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு. கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் அதிகம் திறந்து தெரியும். எனவே அடிவட்டம் வாயை விட இன்னும் உருண்டையாக இருக்க வேண்டும், அதன் முன்பாதி வளைவு நன்றாகத் தெரிய வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கண்ணிமை ஓரம் போலக் கூர்மையாகிவிடக் கூடாது, அங்கேயும் வளைவுதான். டம்ளரைச் சாய்த்து வைத்தால், நீள்வட்டத்தின் குறுகிய அச்சு டம்ளரின் நடு அச்சோடு ஒரே கோட்டில் வர வேண்டும். இது பிடிபட்டதும் சொம்புக்குப் போங்கள். சொம்பு என்பது வெவ்வேறு அகலமுள்ள ஐந்தாறு நீள்வட்டங்களின் அடுக்குதான். கழுத்து, வயிறு, அடி என ஒவ்வொன்றையும் லேசாக முழுதாய் வரைந்து, பிறகு பக்கக் கோட்டால் இணையுங்கள். தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: சொம்பு மட்டும் போதாது, ஆனால் சொம்பு வராதவருக்கு சைக்கிளும் வராது.

அடுத்தது பெட்டி. மறையும் புள்ளி என்பது, தூரம் போகும் இணைகோடுகள் சந்திப்பதுபோல் தெரியும் இடம். அவை இரண்டையும் ஏ4 தாளுக்குள்ளேயே வைத்துவிட்டால் பெட்டியின் முன்மூலை கத்தி போலக் கூர்மையாகி, பொருள் கோணலாகத் தெரியும். புள்ளிகளைத் தாளுக்கு வெளியே, மேசையின் இருபுறமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழகும் முதல் வாரம் மேசையில் செல்லோ டேப் துண்டு ஒட்டி அடையாளம் வைக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். நீங்கள் நின்றபடி பார்க்கும் சமதளக் காட்சியில், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும் ஒரே அடிவானக் கோட்டில்தான் வரும். அருகில் நிற்பவர் பெரியவர், தூரத்தில் நிற்பவர் சிறியவர், ஆனால் கண்கள் அதே கோட்டில். பாதங்கள்தான் மேலும் கீழுமாக மாறும். குழந்தைகளின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே. இந்த ஒரு விதி தெரியாததால்தான் தூரத்து மனிதர்கள் காற்றில் மிதப்பதுபோல் ஆகிவிடுகிறார்கள். ஆள் அளவுக்குத் தலையை அலகாக வையுங்கள்: வளர்ந்தவர் ஏறத்தாழ ஏழரைத் தலை, ஐந்து வயதுக் குழந்தை ஐந்தரைத் தலை. உட்கார்ந்திருப்பவரை வரையும்போது தொடையைச் சுருக்க மறந்துவிடுவார்கள். முன்பக்கமாகப் பார்த்தால் தொடை அநேகமாகத் தெரியவே தெரியாது.

யூசீட்டின் இரண்டாம் பகுதியில் வரைதலுக்கும் வடிவமைப்புத் திறன் கேள்விக்கும் தலா 50 மதிப்பெண் என்றால் ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம். முதல் 4 நிமிடம் தீப்பெட்டி அளவில் மூன்று சிறு படங்கள் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 20 நிமிடம் கோட்டு வேலை. மீதியில் ஒரே திசை நிழல், அருகிலுள்ள கோடுகளை அழுத்துவது. அருகே பாதி மறைந்த ஒருவர், நடுவே முக்கியச் செயல், பின்னால் கட்டடம் என்று மூன்று அடுக்கு இருந்தாலே காட்சி உயிர் பெறும். பென்சில் எச்பி, 2பி, 4பி போதும். விலை உயர்ந்த பெட்டி வாங்கி அடுக்குவதை விட, 75 ஜிஎஸ்எம் ஏ3 தாளை ஒரு கட்டு வாங்கித் தீர்ப்பது மேல்.

கேள்வி: நிஃப்ட் 'சிச்சுவேஷன் டெஸ்ட்' என்பது என்ன? அதில் ஒட்டிய மாடல் உடைந்துவிட்டது என்று ஒரு சீனியர் சொன்னார்.
– மாணவி, திருப்பூர்

நிஃப்ட் பி.டெஸ். மதிப்பீட்டில் படைப்புத்திறன் தாளுக்கு 50 சதவீதம், பொதுத்திறன் தாளுக்கு 30, இந்தச் செய்முறைத் தேர்வுக்கு 20. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை மட்டும் அழைப்பார்கள். ஒரு சூழலைச் சொல்லி, அங்கேயே தரும் பொருள்களைக் கொண்டு குறித்த நேரத்தில் ஒரு மாடல் செய்யச் சொல்வார்கள்.

உடைவதற்குப் பெரும்பாலும் பசையே காரணம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நீர் வற்றினால்தான் பிடிக்கும். தாளிலும் அட்டையிலும் நீர் உறிஞ்சப்படும். பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் நடுவே பூசினால் நீர் போக வழியில்லாமல் நாள் முழுக்க வழுக்கிக்கொண்டிருக்கும். தெர்மோகோலில் ரப்பர் கரைசல் பசையையோ ஃபெவிக்விக்கையோ வைத்தால் அது தெர்மோகோலையே தின்று பள்ளமாக்கிவிடும். அங்கு வெள்ளைப் பசைதான், கூடவே பிடிமானத்துக்குப் பல்குத்தும் குச்சி செருகுங்கள்.

பசையை நம்பாமல் கட்டவும் பழகுங்கள். இரண்டு அட்டைகளிலும் பாதி உயரத்துக்கு வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பசை இல்லாமலே நிற்கும். வெட்டின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒற்றைக் கோடாக வெட்டினால் அட்டை பிதுங்கும், அதிகம் அகலமாக்கினால் ஆடும். நிற்காமல் துவளும் அட்டைப் பட்டையை நீளவாட்டில் 'ட' போல மடித்தால் விறைத்துக்கொள்ளும். மடிப்பதற்கு முன் அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் வாக்கில்தான் நார் ஓடுகிறது. நாரின் வாக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். ஒட்டுவதற்கு ஒவ்வோர் ஓரத்திலும் 1 செ.மீ. மடிப்பு விடுங்கள். வெட்டும்போது எஃகு ஸ்கேல் வைத்து, ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று லேசான இழுப்பில் வெட்டுங்கள். பிளேடு மழுங்கினால் நுனியை உடைத்துவிடுங்கள். கை அறுபடுவது பெரும்பாலும் மழுங்கிய பிளேடை அழுத்துவதால்தான்.

திருப்பூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் நிஃப்ட்-டீ கல்லூரி வேறு, மத்திய அரசின் நிஃப்ட் வேறு. தமிழ்நாட்டில் நிஃப்ட் வளாகம் சென்னை தரமணியில் இருப்பது மட்டுமே. நிட்டிங் தொழிலை அருகிலிருந்து கற்க உங்கள் ஊர் மோசமான இடமில்லை, ஆனால் எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேருங்கள்.

கேள்வி: காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம், சென்னை ஐஐடி இன்ஜினியரிங் டிசைன் – இவையும் இதே படிப்புதானா?
– வாசகர், வேலூர்

இல்லை. காஞ்சிபுரத்தின் பி.டெக். இடங்களுக்கு ஜேஇஇ மெயின், சென்னை ஐஐடியின் அந்தத் துறைக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. இரண்டும் பொறியியல்.

கேள்வி: சேர்ந்ததும் லேப்டாப் வாங்கித்தர வேண்டுமாம். ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறான் மகன்.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

முதல் செமஸ்டர் முடியும்வரை பொறுங்கள். முதலாண்டில் பெரும்பாலும் கையால் வரைவது, வண்ணக் கலவை, வடிவியல், அட்டை, களிமண், மரம் என்றே போகும். பிறகு அவன் எந்தப் பிரிவுக்குப் போகிறான் என்பதைப் பொறுத்துத் தேவை மாறும். ஆப் திரை வடிவமைப்பு, கிராஃபிக் டிசைன் என்றால் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள சாதாரண லேப்டாப்பே ஓடும், ஆனால் திரை நிறம் சரியாகக் காட்ட வேண்டும். மலிவான திரைகளில் சிவப்பு வெளிறித் தெரியும், அச்சில் வந்ததும் அதிர்ச்சி. புராடக்ட் டிசைன், அனிமேஷன் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பொருள்களை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால், புராடக்ட் பக்கம் போகிறவனுக்கு மேக்புக் வாங்கித்தந்துவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள். பிளெண்டர், கிரிட்டா, இங்க்ஸ்கேப் மூன்றும் இலவசம். ஃபிக்மாவும் ஆட்டோடெஸ்க் ஃபியூஷனும் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகின்றன.

கேள்வி: கல்லூரியில் தமிழ் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் 'கொ', 'தெ' எல்லாம் கொம்பு தனி, எழுத்து தனியாக உடைகின்றன. சீனியர்கள் பாமினி போடச் சொல்கிறார்கள்.
– இரண்டாமாண்டு மாணவி, சென்னை

பாமினி வேண்டாம். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. எழுத்துருவை மாற்றினால் உங்கள் வாசகம் ஆங்கிலக் குப்பையாகிவிடும், தேடவும் முடியாது. யூனிகோடிலேயே இருங்கள். பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து, பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் அதே இடத்தில் 'வேர்ல்டு-ரெடி' கம்போசர். ஏற்கெனவே உடைந்த வாசகத்தைத் தெரிவு செய்துவிட்டு இதை மாற்ற வேண்டும்.

ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைக்காதீர்கள். 'கீ' மேலே ஏறும், 'கு', 'மூ' கீழே இறங்கும். எழுத்தளவின் 1.4 மடங்கில் தொடங்கிப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் ஆங்கிலப் பழக்கம்தான். கூட்டினால் 'கெ'-யின் கொம்பு ஊர்வலத்தில் தனியாகப் போகும். அச்சுக்கு அனுப்பும்போது படங்கள் 300 டிபிஐ, நான்கு புறமும் 3 மி.மீ. வெட்டு மிகுதி (வெட்டும்போது போகும் ஓரம், 'பிளீட்') விடுங்கள். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே எனும் நான்கு அச்சு மைகளில் மங்கும் என்பதால், நிறத்தை ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே-யில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அரசு நிறுவனங்களில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் பல லட்சம் கேட்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?
– ஒரு தாய், சேலம்

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், ஒர்க்ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். வேலை நாளில், மதியம் போங்கள். தரையில் மரத்தூள் கிடக்கிறதா, தையல் இயந்திரத்தில் நூல் கோத்திருக்கிறதா, 3டி பிரிண்டர் உறை போட்டுத் தூங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மாணவர்கள் மாலை 5 மணிக்குப் பிறகு இயந்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவரின் ஒரு புராஜெக்ட்டை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள், முதல் கிறுக்கல் வரை. பளபளப்பான இறுதிப் படம் மட்டும் இருந்து, நடுவில் தோற்ற மாடல்கள் இல்லையென்றால் அங்கு கற்பித்தல் மேலோட்டம்தான். பட்டம் பி.டெஸ்.ஸா, பி.எஸ்சி.யா, வெறும் டிப்ளமாவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொருள்செலவு கல்விக் கட்டணத்தில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். அட்டை, துணி, பிரிண்ட் அவுட் எல்லாம் மாதாமாதம் கையைக் கடிக்கும்.

பணம் இடிக்கிறதென்றால் 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியையும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியையும் பாருங்கள். பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) பட்டத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் படிக்கலாம், சென்னையில் துணி, பீங்கான் வடிவமைப்பும் உண்டு. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. கம்ப்யூட்டர் பக்கம் நீங்களாகக் கற்க வேண்டியிருக்கும். கை வேலையில் அங்கிருந்து வருபவர்களை அசைக்க முடியாது.

கேள்வி: பி.டெஸ். இன்டீரியர் டிசைன் முடித்தால் வீடு கட்ட பிளான் போட்டுக் கையெழுத்திடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

முடியாது. 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும். டிசைனர்களுக்கு அப்படிப் பதிவு எதுவும் இந்தியாவில் கிடையாது. சுவருக்கு உள்ளே உங்கள் ராஜ்யம், சுவரை இடிப்பதற்கு மட்டும் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.